எலும்புத் தேய்மான மருந்தும் மண் அமீபாவும்: பார்ட் சி எழுதுபவர்களுக்கு

ரிசல்ட் வந்த கையோடு இதை எழுதி வைப்பது நல்லது. நெட் லைஃப் சயின்ஸ் தேர்வின் பார்ட் சியில் ‘இந்த மருந்து எந்த நொதியைப் பிடிக்கிறது’ என்ற வகைக் கேள்விக்கு ஒரே ஒரு உதாரணத்தைக் குடைந்து படிக்க நேரமிருந்தால், எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளை டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபாவில் சோதித்த கதையை எடுங்கள். மற்றதை மேலோட்டமாகப் பார்த்தாலும் போதும்.

இந்த மருந்துகளுக்கு மின்சுமை அதிகம், செல்சவ்வைத் தானாகத் தாண்டாது. எலும்பில் ஒட்டியிருக்கும் மருந்து, ஆஸ்டியோகிளாஸ்ட் (எலும்பைக் கரைக்கும் செல்) அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கும்போது விடுபட்டு, எண்டோசைட்டோசிஸ் (செல் வெளியிலுள்ளதை விழுங்குதல்) வழியாக உள்ளே போகும். டிக்டியோஸ்டீலியமும் சுற்றியுள்ள திரவத்தை விழுங்கும் செல்தான். எலும்பில் வீரியமாக வேலை செய்தவையே அமீபாவின் வளர்ச்சியையும் அதிகம் தடுத்தன என்பதை ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். நைட்ரஜன் உள்ளவற்றின் இலக்கு, மெவலோனேட்டுக்குப் பிந்தைய படியில் வேலை செய்யும் ஃபார்னெசில் டைபாஸ்பேட் சிந்தேஸ் என்ற நொதி என்று 2000-இல் அதே அமீபாவில் உறுதியானது.

அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், சோலெட்ரோனேட்டில் நைட்ரஜன் உண்டு. குளோட்ரோனேட், எட்டிட்ரோனேட்டில் கிடையாது. நைட்ரஜன் இல்லாத இவை உடையாத ஏடிபி போலிகளாக மாறிச் செல்லைக் கெடுக்கும். மருந்தின் பெயரைப் பார்த்ததும் இதைப் பிரிக்காமல் ஆப்ஷனுக்குப் போகவே கூடாது.

மார்க் கிடப்பது மீட்புச் சோதனையில், அதாவது மருந்தால் முடங்கிய செல் ஒரு பொருளைச் சேர்த்தால் மீள்கிறதா என்று பார்ப்பதில். ஆஸ்டியோகிளாஸ்ட் வளர்ப்பில்:

- ஸ்டேட்டின் (மெவலோனேட் உருவாவதையே தடுக்கும் மருந்து) + மெவலோனேட்: மீளும்
- அலென்ட்ரோனேட் + மெவலோனேட்: மீளாது, அடைப்பு மெவலோனேட்டுக்குப் பிந்தைய படியில்
- அலென்ட்ரோனேட் + ஜெரானில்ஜெரானியால்: பெருமளவு மீளும், செல்லுக்குள் சமிக்ஞை, போக்குவரத்து வேலை பார்க்கும் ரோ, ராப் புரதங்களுக்குக் கொழுப்பு வால் திரும்பக் கிடைக்கிறது
- குளோட்ரோனேட்: மேற்சொன்ன எதுவும் உதவாது

மருந்தை எதிர்க்கும் அமீபா கிடைத்தால் உடனே ‘நொதி கூடிவிட்டது’ என்று டிக் அடிக்காதீர்கள். விழுங்குவது குறைந்தாலும் எதிர்ப்பு வரும். குளோட்ரோனேட்டையும் சேர்த்து எதிர்த்தால் உள்ளே போவதில்தான் முதல் சந்தேகம். அலென்ட்ரோனேட்டை மட்டும் எதிர்த்து, செல்சாற்றில் நொதியின் செயல்பாடும் கூடியிருந்தால் இலக்கை நம்பலாம்.

வைவாவில் இதையே செய்முறையாகக் கேட்டால்: அமீபாவின் ஏஎக்ஸ்2 வகை, எச்எல்5 என்ற திரவ ஊடகம், 22 டிகிரி, குலுக்கி நிமிடத்துக்கு 150 முதல் 180 சுழற்சி. மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் செல்லில் தொடங்கி, தினமும் ஹீமோசைட்டோமீட்டரில் எண்ண வேண்டும். நல்ல வளர்ப்பு சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் இரட்டிக்கும். குடுவையை நிரப்பினால் காற்று போதாமல் வளர்ச்சி குறையும், அது மருந்தின் வேலை போலத் தெரியும். ஏசி நின்று 27 டிகிரியைத் தாண்டினாலும் அதே ஏமாற்றம்தான். மருந்தின் அமில வடிவம் ஊடகத்தின் பிஎச்சை இறக்கும், எனவே 6.5-க்குச் சரிசெய்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். மருந்து கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ‘கண்ட்ரோல் என்ன?’ என்று கேட்டால் மருந்தில்லாத குடுவை என்பது பாதிப் பதில். கூடுதல் கால்சியம் சேர்த்த குடுவையையும் சொல்லுங்கள்.

அமீபா காட்டாதவையும் உண்டு. எலும்புத் தாதுவில் மருந்து எவ்வளவு இறுக ஒட்டும், அங்கே எத்தனை காலம் தங்கும் என்பதற்கு இதில் விடையில்லை. வேறு எலும்பு மருந்துகளில் டெனோசுமாப் பிடிக்கும் ராங்க் லிகண்டும் (ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக உதவும் புரதம்), ராலாக்சிஃபென் பிடிக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் இதில் இல்லை. அமீபா பற்றிய கேள்வியின் ஆப்ஷனில் அந்த இரண்டில் ஒன்று இலக்காக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தவறு என்று நீக்கிவிடலாம்.