முன்வரிசையில் நிற்பவர்கள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தமிழர்கள் அதிகம். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கமெல்லாம் நம் மளிகைக் கடைகள் இருக்கிற தெருவிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு ரக்பி லீக் மைதானம் வந்துவிடும். ஆனாலும் நம்மவர்கள் பெரும்பாலும் கிரிக்கெட்டோடு நின்றுவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிசியோதெரபி படித்துவிட்டு, இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடும் ஒரு லீக் அணியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இந்த விளையாட்டை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அங்கே என் கட்டிலில் அதிக நேரம் படுத்துக் கிடந்தவர்கள் ஃபார்வர்டுகள், அதாவது முன்னால் நின்று மோதும் கனத்த ஆட்டக்காரர்கள். அவர்கள் செய்யும் வேலையைப் பற்றித் தமிழில் யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஓர் அணிக்கு 13 பேர். அதில் ஆறு பேர் ஃபார்வர்டுகள். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணி உதைத்த பந்து நம் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு அருகில் வந்து விழுந்ததும், முதல் சில ஓட்டங்களைப் பெரும்பாலும் ப்ராப் எனப்படும் முன்வரிசை ஆட்டக்காரர்தான் ஓட வேண்டும். எதிரே மூன்று பேர் பத்து மீட்டர் தள்ளி நிற்பார்கள். இவர் கிளம்பியதும் அவர்களும் கிளம்புவார்கள். ஒதுங்கிப் போவது இவர் வேலை இல்லை. நேராகப் போய் மோதி, விழுந்து, சட்டென்று எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரம் எழுகிறாரோ, அந்த அளவுக்கு எதிரணியின் வரிசை கலைந்திருக்கும். கபடியில் பாடி வருகிறவரை மூன்று பேர் சேர்ந்து அமுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அமுக்கப்படுகிறவர் 110 கிலோ, வருவது முழு வேகத்தில். எழுந்த கையோடு அடுத்த ஆளை அமுக்கப் போயாக வேண்டும். ஓரத்தில் நின்று பார்த்தால் அந்த மோதலின் சத்தம் நம் வயிற்றில் கேட்கும். டிவியில் அது வருவதே இல்லை.

கைதட்டல் கடைசியில் ஓரமாக ஓடிப்போய் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்கிறவருக்கு. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அதுவும் அழகுதான். ஆனால் அந்த அறுபது எழுபது மீட்டரை அங்குலம் அங்குலமாக வாங்கிக் கொடுத்தவர் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவார்.

இரண்டாம் நிலையில் ஆடுகிறவர்களில் நிறையப் பேருக்கு இது மட்டும் சோறு போடாது. காலையில் கட்டட வேலை, வீடு மாற்றும் லாரியில் பீரோவும் கட்டிலும் தூக்குவது, மாலையில் பயிற்சி. சிமெண்ட் தூசியோடு நேராக என் அறைக்கு வருவார்கள். ஆட்டத்தன்று கட்டுப்போடும் நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் கணுக்கால், அப்புறம் விரல்கள். மூட்டு விலகிய விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து இறுக்கமில்லாமல் கட்ட வேண்டும். இறுக்கிவிட்டால் பந்து நழுவும். தோள்பட்டையில் காறை எலும்பு வந்து சேர்கிற மூட்டு பல ப்ராப்களுக்குச் சற்றுத் தூக்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் பஞ்சு வைத்து ஒட்டும்போது சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: “பரவாயில்லை, போடு.”

அந்தப் பதிலைத்தான் நான் கவனிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆஸ்திரேலியாவின் முதல்நிலைப் போட்டியான என்.ஆர்.எல்.லில் ஆடுகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பசிபிக் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். எங்கள் முன்வரிசையிலும் அப்படித்தான். அவர்களில் ஒருவர் சமோவாக் குடும்பத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர். சின்னப் பையன்கள் அவரை ‘ஊசோ’ என்று கூப்பிடுவார்கள். உடன்பிறந்தவனைக் கூப்பிடும் சொல் அது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளிலும் உள்ள தீவுக்காரர்கள் மைதான நடுவில் வட்டமாக மண்டியிட்டு ஜெபம் செய்வார்கள். சற்று முன்பு தன் விலாவில் இடித்தவன் தோளிலேயே அவர் கை போட்டிருப்பார். அவர் சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் சமோவாவின் தலைநகரான ஆப்பியாவுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் முதல் பாதியில், எதிராளியின் இடுப்பெலும்பில் அவர் தலை மோதியது. எழுந்தார், ஆனால் தப்பான பக்கம் பார்த்து நின்றார். ஓடினேன். இதற்கென்று சில கேள்விகள் உண்டு: இது எந்த மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு. முதல் மூன்றுக்கும் சரியாகச் சொன்னார். நான்காவதுக்குப் பழைய ஆட்டம் ஒன்றைச் சொன்னார். “நான் நல்லாத்தான் இருக்கேன், விடு” என்றார். மருத்துவரிடம் சொன்னேன், வெளியே அழைத்துவிட்டார். உடைமாற்றும் அறையில் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. அடுத்த வாரம் அவர் இடத்தில் இருபது வயதுப் பையன் ஆடுவான், நன்றாக ஆடிவிட்டால்? அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் வேறு எதையும் நான் செய்திருக்கக் கூடாது.

இந்த ஊரில் ஃபார்வர்டு என்றதும் சொல்லப்படும் கதைகள் இரண்டு. 1970 இறுதிப் போட்டியில் சவுத் சிட்னி அணித்தலைவர் ஜான் சாட்லருக்குத் தொடக்கத்திலேயே தாடை உடைந்தது. கடைசிவரை நின்று ஆடி மேன்லியை 23–12 என்று வென்றார். 2014 இறுதிப் போட்டியில் அதே அணியின் சாம் பர்ஜெஸ் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்து, முழு 80 நிமிடமும் ஆடி, சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தையும் வாங்கினார். அந்த அணிக்கு 1971க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது. இரண்டையும் கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உடைந்த எலும்பு கூடிவிடும். 2019இல் ஆய்வாளர்கள் இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளையில் சி.டி.இ. என்ற நோயைக் கண்டதாக அறிவித்தார்கள். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதோடு தொடர்புடைய சிதைவு அது. இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். அந்த இருவரில் ஒருவர் கேன்டர்பரி அணியின் ஃபார்வர்டாக இருந்து, பின்னால் 2004இல் பயிற்சியாளராக அதற்குக் கோப்பை வாங்கித் தந்த ஸ்டீவ் ஃபோக்ஸ். சிறுவயதில் அவர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவர் எங்கள் அணியில் உபகரணங்களைப் பார்த்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்த வாரம் அவர் அதிகம் பேசவில்லை.

நல்லவேளையாக விதிகள் மாறி வருகின்றன. 2022 முதல் என்.ஆர்.எல். ஆட்டங்களை அணி சாராத மருத்துவர்கள் காணொளியில் கவனித்து, ஆளை வெளியே எடுக்கச் சொல்ல முடிகிறது. 2023 முதல், மூளை அதிர்ச்சி என்று உறுதியானவர் பொதுவாகப் பதினோரு நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். பழைய ரசிகர்கள் சிலர் விளையாட்டு மென்மையாகிவிட்டது என்று முணுமுணுக்கிறார்கள். கட்டுப்போட்டுவிடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளியே போவதா வேண்டாமா என்ற முடிவை அடிபட்டவர் கையிலிருந்து வாங்கியதுதான் இதில் பெரிய விஷயம். அவர் வீரர். அவரைக் கேட்டால் ஆடுகிறேன் என்றுதான் சொல்வார். அதற்காகத்தானே அவரை வேலைக்கு எடுத்தார்கள்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே கூலியில்தான் தொடங்குகிறது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்து அணிகள் கூடிப் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்துபோனதற்கு முக்கியக் காரணம், சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டித் தர அந்த அமைப்பின் தலைமை மறுத்தது. சிட்னியில் 1907இல் அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரர் காயப்பட்டு, வேலைக்குப் போக முடியாமல், இழப்பீடும் கிடைக்காமல் போனதுதான் இங்கே லீக் தொடங்கத் தூண்டுகோலானது.

ஆகவே ஒன்றைக் கேட்பது தப்பில்லை என்று நினைக்கிறேன். தலையில் அடிபட்டதற்காக ஒதுக்கிவைக்கப்படும் ஆட்டக்காரருக்கு அந்த நாட்களின் ஆட்டப்பணம் எல்லா நிலைகளிலும் ஒரு காசு குறையாமல் கிடைக்க வேண்டும், பகுதிநேர ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும்தான். பணம் உறுதி என்றால் மறைக்கிறவர்கள் குறைவார்கள். ஊசோ இரண்டு வாரம் கழித்து என் அறைக்கு வந்து, கணுக்காலை நீட்டிக்கொண்டு, இதையேதான் சொன்னார். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லித் தன் முகவரிடம் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.