ராஜாவின் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் ஜெபக் குறிப்பு வாசித்தால் வேலை அனுமதி புதுப்பித்தல், பதவி உயர்வு, மேலாளரின் நெருக்கடி எல்லாம் வந்துவிடும். கிடைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. எப்படி நடந்துகொள்வது என்று கேட்பவர்கள் குறைவு. யாக்கோபு 1:5 வாக்குப்பண்ணும் ஞானம் இந்த இரண்டாவது வகை. அதற்கு முந்தைய வசனங்கள் சோதனையைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும்தான் பேசுகின்றன.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நெகேமியாவைவிட நல்ல மாதிரி கிடையாது. அவர் ஆசாரியர் அல்ல, பெர்சிய அரண்மனையில் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கும் செய்தி கிஸ்லேயு மாதத்தில் வந்தது. ராஜாவிடம் பேசியது நிசானில். நடுவே ஏறக்குறைய நான்கு மாதம். "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்டதும், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறார். கண் மூடக்கூட நேரம் இருந்திருக்காது. அந்த ஒரு நொடி ஜெபத்துக்குப் பின்னால் அத்தனை மாதமும் இருந்தது என்றே நினைக்கிறேன். கேட்டதிலும் மழுப்பல் இல்லை: திரும்பி வரும் காலத்தைக் குறித்துச் சொன்னார், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார், மரத்துக்கு வனக்காவலர் ஆசாப்பின் பெயரையே சொன்னார். எருசலேம் போன பிறகும், இரவில் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

நம் ஜெபத்துக்கும் அந்தத் திட்டவட்டம் வேண்டும். "வேலையை ஆசீர்வதியும்" என்று கேட்டால் பதில் வந்தாலும் அடையாளம் தெரியாது. "மூன்று மணிக் கூட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள்; உண்மையை மறைக்காமல், கூட வேலை செய்பவரைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்ல?" இப்படி ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே தெரிந்தது, தெரியாதது என்று இரண்டு பத்தி. தெரியாததில் சில, ஜெபத்தில் கேட்கவே தேவையில்லாதவை. வேலையை விடுவதா என்ற கேள்வியில், ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் குறிப்பிடாவிட்டால் வேலை நியமனச் சட்டப்படி 2 முதல் 5 ஆண்டுக்குள் பணி செய்தவருக்கு 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 4 வாரம். வேலை அனுமதி முதலாளியோடு கட்டுண்டது. புது நிறுவனம் புதிதாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள தகவலுக்கு உபவாசம் எதற்கு?

விசாரித்தால் மட்டும் போதும் என்பதும் தவறு. யோசுவா 9-ல் இஸ்ரவேலர், தூரதேசத்தார் என்று நடித்த கிபியோனியரின் பூசணம் பூத்த அப்பத்தையும் பீறலான துருத்திகளையும் பார்த்து நம்பினார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. மூன்று நாளில் சாயம் வெளுத்தது, ஆணையிட்டதோ திரும்பாது. சம்பள எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதும் இதே ரகம்.

அதிகமாகக் கோணுவது வேறு இடத்தில். முடிவை எடுத்துவிட்டு, வேதத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைத்த வசனத்தைச் சாட்சியாக்குவார்கள். அல்லது "எனக்குச் சமாதானமாயிருக்கிறது" என்பார்கள். அந்தச் சமாதானம் பல நேரம், மேலாளரை நேருக்கு நேர் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதிதான். யாக்கோபு 3:17-ல் வரிசை இருக்கிறது: பரத்திலிருந்து வரும் ஞானம் முதலாவது சுத்தமுள்ளது, சமாதானம் பின்புதான்.

துவாஸ் கப்பல் பட்டறையை எடுத்துக்கொள்வோம். மூடிய டேங்குக்குள் ஆள் இறங்குமுன் காற்றில் பிராணவாயு 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்காமலே உள்ளே இறங்கும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால், போடலாமா என்று ஜெபிக்க அங்கே ஒன்றுமில்லை. "முடியாது" என்பதைக் கோபப்படாமல், பின்வாங்காமல் சொல்ல வார்த்தை கேட்கலாம். அங்கே நெகேமியாவின் ஒரு நொடி ஜெபம்தான் உதவும்.

மற்றவர்களிடம் ஜெபிக்கச் சொல்லும்போது தானியேலைப் பாருங்கள். பாபிலோன் ராஜாவின் கனவுக்கு அர்த்தம் சொல்லத் தவணை கேட்டார், வீட்டுக்குப் போய்த் தம் தோழர் மூவரிடம் சொன்னார். இங்கே நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளரின் பிரச்சினை, மேலாளரின் குணம் எல்லாம் சபை வாட்ஸ்அப் குழுவில் போய்விடுகிறது. அந்தக் குழுவில் அதே அலுவலகத்து ஆள் ஒருவர் இருக்கக்கூடும். "வியாழனுக்குள் வேலையில் ஒரு தீர்மானம், ஜெபியுங்கள்" என்று எழுதினால் போதும். விவரம் வேண்டுமானால் நம்பிக்கையான ஓரிருவரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.