திருப்பூர் பனியன் கம்பெனியில் 45 நாள் இன்டர்ன்ஷிப்

நான் கோவையில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படிக்கிறேன். இரண்டாம் வருடம் முடிந்ததும் கோடை விடுமுறையில் 45 நாள் ஏதாவது ஒரு கார்மென்ட் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும், லாக் புக்கில் தினமும் கையெழுத்து வாங்க வேண்டும், கடைசியில் ரிப்போர்ட், வைவா. இதுதான் விதி. இந்த வருடம் போகப்போகிற ஜூனியர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் இடம் கிடைப்பதே பெரிய பாடு. டிபார்ட்மென்டில் ஒரு போனஃபைட் கடிதம் தருவார்கள், கம்பெனியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். மொத்தம் 7 கம்பெனி, அதில் 5 இடத்தில் கேட்டைத் தாண்டவே முடியவில்லை. வாட்ச்மேன் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு "கூப்புடுவாங்கம்மா" என்பார், யாரும் கூப்பிட மாட்டார்கள். உள்ளே விட்ட இரண்டு இடத்திலும் கேட்ட முதல் கேள்வி "யாரு ரெஃபரன்ஸ்?" என்பதுதான். கடைசியில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறார் என்று தெரிந்து, அவர் ஒரு போன் போட்டார், அடுத்த நாளே வரச் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு சித்தப்பா இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

போகும்போது ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், காலேஜ் ஐடி, போட்டோ எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டு பையர்கள் ஆடிட் வைக்கிறார்கள், ஃப்ளோரில் நிற்கிற ஒவ்வொரு ஆளுக்கும் வயது ஆதாரமும் பதிவும் இருந்தாக வேண்டும். என்னிடம் மார்க் ஷீட் இல்லாததால் முதல் நாள் பாதி ஹெச்ஆர் ரூம் வாசலிலேயே போய்விட்டது.

உள்ளே போன பிறகு நடந்ததுதான் எனக்கு உண்மையான கஷ்டம். என்னை மெர்ச்சண்டைசிங் ரூமில் உட்கார வைத்தார்கள். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கிறவர்கள் மெர்ச்சண்டைசர்கள். சாம்பிள் அப்ரூவல், நூல், சாயம், பட்டன், லேபிள், ஷிப்மெண்ட் தேதி எல்லாம் அவர்கள் தலையில். நான் சேர்ந்த வாரம் இரண்டு ஷிப்மெண்ட் ஒன்றாக விழுந்திருந்தது, ஒருவருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. "அங்க உட்காருங்கம்மா, சொல்றோம்" என்றார்கள். 9 நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் எடுத்தேன், ஃபைலில் பக்கம் போட்டேன், ஓரத்தைப் பல்பல்லாக வெட்டுகிற கத்தரியால் துணியைச் சின்னச் சதுரமாக வெட்டி அட்டையில் ஒட்டினேன். இவையும் வேலைதான், யாராவது செய்துதான் ஆக வேண்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒட்டுகிற துணி எதற்கு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நான் யாருடைய பொறுப்பு என்று ஹெச்ஆருக்கும் தெரியவில்லை, மெர்ச்சண்டைசிங் மேனேஜருக்கும் தெரியவில்லை. லாக் புக்கில் "இன்று என்ன கற்றீர்கள்" என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

10-வது நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அங்கிருந்த ஜூனியர் மெர்ச்சண்டைசர் அக்காவிடம் போய், "அக்கா, நான் ஃப்ளோருக்குப் போகட்டுமா, ஒவ்வொரு டிபார்ட்மென்டா பார்க்கணும், யார்கிட்ட நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "இத்தன நாளா இங்கயேவா உக்காந்திருக்க?" என்றார். உடனே ஒரு பேப்பர் எடுத்து எழுதினார்: ஃபேப்ரிக் செக்கிங் 4 நாள், கட்டிங் 6 நாள், தையல் 8 நாள், செக்கிங் 8 நாள், அயர்னிங், பேக்கிங் மீதி. ஒவ்வொன்றுக்கு எதிரிலும் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயர். அந்தத் துண்டுப் பேப்பர் கையில் வந்த பிறகுதான் எனக்கு இன்டர்ன்ஷிப் தொடங்கியது. கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும், ஆனால் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

ஃபேப்ரிக் செக்கிங்கில் நாலு புள்ளி முறை. வகுப்பில் படித்ததுதான்: குறை 3 அங்குலம் வரை இருந்தால் 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்கு மேல் போனால் அந்த ரோலை ஒதுக்கிவிடுவார்கள். பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் மெஷினில் துணி ஓடிக்கொண்டே இருக்கும்போது கண்ணி விட்ட இடமும் எண்ணெய்க் கறையும் என் கண்ணில் படவே இல்லை. பக்கத்தில் நின்ற அண்ணன் பேசிக்கொண்டே கையை வைத்து நிறுத்துவார், அங்கே ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும். "துணியப் பாக்காதீங்க, வெளிச்சத்தப் பாருங்க" என்றார். துணிக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, குறை இருக்கிற இடத்தில் அந்த வெளிச்சம் மாறும். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் எனக்குப் பிடிபட்டது. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்ப்பதும் அங்கேதான் கையில் வந்தது. வட்டக் கட்டர் வெட்டுகிற துண்டு சரியாக 100 சதுர சென்டிமீட்டர், அதன் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.8 கிராம் இருந்தால் 180.

ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் துணிச் சதுரங்களின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. ஷேடு ஒப்பிட லைட் பாக்ஸில் வைப்பார்கள், டி65 என்ற விளக்கு பகல் வெளிச்சம் போல, டிஎல்84 என்பது கடை வெளிச்சம் போல. பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நேவி ப்ளூ கடை விளக்கில் வேறு வேறாகத் தெரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த 9 நாளில் யாராவது இதை ஒரு வரி சொல்லியிருந்தால் நான் ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் ஆசையாக ஒட்டியிருப்பேன்.

கட்டிங் மாஸ்டர் முதலில் என்னிடம் பேசவே இல்லை. லைக்ரா கலந்த துணி ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் முழுக்க மேசையில் கிடந்தது, ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "கேக்கத் தெரியுதே" என்று உட்கார வைத்துச் சொன்னார். ரோலில் இழுபட்ட துணி தன் நிலைக்குத் திரும்ப வேண்டும், அதற்குள் வெட்டினால் பீஸ் சுருங்கிப்போகும்.

தையல் லைனில் மொழிதான் சிக்கல். ஓவர்லாக் மெஷினில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் பெண்கள். எனக்கு இந்தி வராது. கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாக இருந்த ஒரு தங்கை, என்னைவிடச் சின்னவள், அரைகுறைத் தமிழில் எல்லாவற்றையும் விளக்கினாள். ஒரு நாள் ஒரு மெஷினில் ஊசி உடைந்தது. உடனே அந்த மெஷின் நின்றது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை காந்தத்தை வைத்துத் தரை, துணி, கூடை எல்லாம் தேடினார்கள். கிடைத்த துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, ஊசியின் முழு வடிவமும் வந்த பிறகுதான் புது ஊசி கொடுத்தார்கள். குழந்தைகள் போடுகிற சட்டை அது. அந்தத் தங்கை தரையில் மண்டி போட்டுத் தேடியதைப் பார்த்தபோது, ஒரு துணி மேல் இவ்வளவு பேருடைய கவனம் இருக்கிறது என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது நான் செய்த தப்பு. செக்கிங்கில் மூன்றாம் நாள், 40 பீஸ் அளந்து மெஷர்மென்ட் ஷீட்டில் எழுதச் சொன்னார்கள். அளக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்று சொன்னேன், காலேஜில் அளந்திருக்கிறேன் அல்லவா. பின்னல் துணியைச் சுருக்கம் போவதற்காக இரண்டு கையாலும் நீவி நீவி விரித்து அளந்திருக்கிறேன். மார்பு அளவு பெரும்பாலான பீஸில் 1 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். அனுமதி கூடுதல் குறைவு 1 சென்டிமீட்டர்தான். ஷீட்டைப் பார்த்த குவாலிட்டி இன்சார்ஜ் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டார், கட்டிங் மாஸ்டரையும் கூப்பிட்டுவிட்டார்கள், ஒரே சத்தம். எனக்கு உடம்பு நடுங்கியது. அப்போது செக்கிங் டேபிளில் பல வருடமாக இருக்கிற அக்கா ஒருவர் வந்து நான் அளந்த பீஸ் ஒன்றை எடுத்து மேசையில் சும்மா போட்டார், தட்டிக்கூடக் கொடுக்கவில்லை, அளந்தார், சரியாக இருந்தது. இன்னொன்று, அதுவும் சரி. பிறகு என்னைப் பார்த்து, "துணிய நீட்டாத கண்ணு, அதும்பாட்டுக்குப் படுக்க உடு, அப்பறம் டேப்ப வையி" என்றார். இன்சார்ஜ் திட்டினார், சரியாகவே திட்டினார். 20 நிமிடம் ஒரு லைன் நின்றால் எத்தனை பீஸ் போகும் என்று எனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டுவிட்டு 40-ஐயும் மறுபடி அளந்தேன், அக்கா பக்கத்திலேயே நின்றார். தெரியாததைத் தெரியும் என்று சொன்னதுதான் என் தப்பு. அதன் பிறகு எந்த வேலை கொடுத்தாலும் "முதல் பீஸ் நீங்க செஞ்சு காட்டுங்க" என்று கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை, மதியச் சாப்பாடும் பஸ்ஸும் என் செலவு. மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் தருகிறார்களே என்று வீட்டில் கேட்டார்கள். 2024-இல் அறிமுகமானபோது அது 21 முதல் 24 வயது வரை உள்ள, முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கு என்றுதான் வந்தது. என்னைப் போல ரெகுலர் காலேஜில் படிக்கிறவர்கள் அப்போது அதில் வரவில்லை. திருப்பூரில் காலை 8:30 முதல் ராத்திரி 8:30 வரை ஒன்றரை ஷிப்ட் வழக்கம். கடிதத்தில் எனக்கு 5:30 வரை என்று இருந்தும் ஷிப்மெண்ட் நேரத்தில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் இருந்தேன். புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மணி ஒன்பது, சித்தி போன் மேல் போன். மூன்றாம் நாள் கடிதத்தைக் காட்டி முடியாது என்றேன், சரி என்று விட்டுவிட்டார்கள். கூலி வாங்குகிறவருக்கு ஓவர்டைம் உண்டு, எனக்கு அதுவும் இல்லை என்பதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சம் இல்லை.

இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்காக. ஸ்டோரில் இருந்த ஒருவர் "டவுட் இருந்தா கேளுங்க" என்று என் நம்பர் வாங்கினார், ஒரு வாரத்தில் ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. பதில் போடாவிட்டால் ஸ்டோரில் சாம்பிள் துணி கேட்டால் இழுத்தடிப்பார். கையெழுத்து கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து நாலு நாள் சொல்லாமல் இருந்தேன். அப்புறம் அந்த மெர்ச்சண்டைசர் அக்காவிடம் மெசேஜைக் காட்டினேன், அவர் என்னை நோட்டீஸ் போர்டுக்குக் கூட்டிப் போய் உள்ளகக் குழு உறுப்பினர்கள் பட்டியலைக் காட்டினார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் பொருந்தும், சம்பளம் இல்லாவிட்டாலும் பொருந்தும், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். குழுவில் இருந்த மேடம் அவரைக் கூப்பிட்டுப் பேசினார், மெசேஜ் நின்றது. முதல் நாளே அந்த போர்டைத் தேடிப் பார்த்துப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். 3,000 பீஸ் லாட், ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5, அட்டவணைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள், 7 குறை வரை பாஸ், 8 வந்தால் லாட் முழுக்க ஃபெயில். பெட்டியைப் பிரித்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. 100 பீஸ் தாண்டும்போது 5 குறை ஆகிவிட்டது, பேக்கிங் ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. 6-இல் நின்றது. செக்கிங் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார், அவர் கை ஜில்லென்று இருந்தது.

சர்டிபிகேட் கையில் வர மூன்று வாரம் ஆனது. நான் முடித்த வாரமே ஹெச்ஆர் மாறிவிட்டார், புதியவருக்கு என்னைத் தெரியாது. லாக் புக்கில் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் அங்கங்கேயே கையெழுத்தும் சீலும் வாங்கியிருந்ததால்தான் தப்பித்தேன். மொத்தமாகக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்ட என் கிளாஸ்மேட் ஒருத்திக்கு வைவா தள்ளிப்போனது.

காலேஜ் திறந்ததும் ஹெச்ஓடி மேடமிடம் போய், நாம் கொடுக்கிற கடிதத்திலேயே "மாணவருக்கு வழிகாட்டும் அலுவலர் பெயர்" என்று ஒரு வரியும், எந்த டிபார்ட்மென்டில் எத்தனை நாள் என்று ஒரு கட்டமும் சேர்க்க முடியுமா, அதைக் கம்பெனி நிரப்பி அனுப்பிய பிறகு எங்களை அனுப்புங்கள் என்று கேட்டேன். அந்த 9 நாளைப் பற்றியும் சொன்னேன். மேடம் நோட்டில் குறித்துக்கொண்டார், இந்த வருடக் கடிதத்தில் அந்த வரி வந்திருக்கிறது. ஜூனியர்களில் ஒருத்தி நான் போன அதே கம்பெனிக்குத்தான் போகிறாள். செக்கிங்கில் மூன்றாவது டேபிள், ஜன்னல் பக்கம் நிற்கிற அக்காவை முதலில் போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.