டார்ச் போன்

அலமாரியைக் குடைஞ்சப்போ பழைய நோக்கியா 1100 கையில சிக்குச்சு. கீபேடுல 5 மட்டும் தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்கு. அப்போ ஓடின செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் ரயில் ஆரியங்காவு குகைக்குள்ள நுழைஞ்சதும் இதோட டார்ச்சைத்தான் போடுவோம். அந்தப் பக்கம் போனா கேரளா, ரோமிங். "போனைக் கட் பண்ணுலே, காசு போயிரும்"னு மாமா கத்துவாரு.

2013 செப்டம்பர்ல நோக்கியாவோட போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போகுதுன்னு நியூஸ் வந்தப்போ எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல. காப்புரிமை உரிமத்தையும் சேர்த்து 544 கோடி யூரோ! அப்போ நோக்கியா தலைவரா இருந்த ஸ்டீபன் எலாப், 2010ல மைக்ரோசாஃப்ட்ல இருந்து வந்தவர். விற்ற கையோட திரும்ப அங்கேயே போயிட்டார். மாப்பிள்ளை வீட்டு ஆளே பொண்ணு வீட்ல பெரியவரா உட்கார்ந்து சம்பந்தம் பேசி முடிச்ச கதை. (இது ரசிகனோட வயித்தெரிச்சல், விட்டுருங்க.)

நியாயமாப் பார்த்தா அவரை மட்டும் திட்டவும் முடியாது. 2007ல ஐபோன் வந்தப்புறமும் சிம்பியன்ங்கிற பழைய போன் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே கட்டிக்கிட்டு அழுதது யாரு? ஆனா 41 மெகாபிக்சல் கேமராவோட லூமியா 1020 விட்ட கம்பெனிய்யா அது!

2015ல மைக்ரோசாஃப்ட் இந்த வகையில 760 கோடி டாலரை நஷ்டக்கணக்குல எழுதுச்சு. அடுத்த வருஷமே பட்டன் போன் பிரிவை 35 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டுச்சு. இதுக்குத்தானாய்யா வாங்குனீங்க?

சரி, தென்காசி பக்கம் யார்கிட்டயாவது அந்தப் பழைய தடிச்ச பின் சார்ஜர் இருக்கா?