லப்பக்கில் கேட்கும் மேளம்

அமெரிக்கா வந்ததும் முதல் அடி பெயரில்தான் விழும். வங்கியில், மருத்துவமனையில், எங்கே போனாலும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீட்டில் அம்மாகூட வாய்விட்டுச் சொல்லாத பெயர். நாமும் எழுந்து போவோம். மேற்கு டெக்சஸின் லப்பக்கில் குடியேறுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: இந்த ஊர்ப் பிள்ளை, ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலிக்கும் அதே கதிதான். 1956இல் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தில் அவர் குடும்பப் பெயரிலிருந்து ஓர் எழுத்து விடுபட்டது. மேடையில் கடைசிவரை அப்படியே இருந்துவிட்டார். கல்லறைக் கல்லில்தான் முழுப்பெயர்.

அவருடைய ‘பெக்கி சூ’ பாட்டுக்கும் பெயர்த் தகராறு உண்டு. முதலில் அது ‘சின்டி லூ’, அக்கா மகளின் பெயரை ஒட்டியது. (அக்கா மகள் என்றதும் நம் ஊர்க் கணக்கில் மனசு எங்கேயோ போகும். இங்கே அப்படியில்லை, வெறும் பாசம்.) டிரம்மர் ஜெரி ஆலிசனுக்குத் தன் காதலி பெயர் வேண்டியிருந்தது, மாற்றிவிட்டார்கள். 1958இல் அவளையே கல்யாணமும் செய்துகொண்டார். தெருவுக்கே கேட்க ஒரு பெண்ணின் பெயரை இத்தனை முறை கூவியும் பஞ்சாயத்து கூடவில்லை!

ஆனால் பாட்டைத் தூக்கி நிறுத்துவது பெயர் அல்ல, டிரம்.

முதலில் லத்தீன் அமெரிக்கத் தாளத்தில்தான் வாசித்தார்கள், எடுபடவில்லை. 1957 கோடையில் நியூ மெக்சிகோவின் க்ளோவிஸில், தயாரிப்பாளர் நார்மன் பெட்டியின் ஸ்டுடியோவில் ஆலிசன் பேராடிடில் என்ற அடிமுறையைப் பிடித்தார். வலது, இடது, வலது, வலது; இடது, வலது, இடது, இடது. இதையே நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலில் உரசும் கம்பிகளை லீவரால் விலக்கிவிட்டால் சரசரப்பு போய், வெறும் தோலின் உருட்டல் மட்டும் நிற்கும். பழகுகிறவர்கள் சறுக்குவது இரட்டை அடியில்: இரண்டாவது அடி மெலிந்தால் தாளம் நொண்டும். தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விழவைத்துப் பழகினால் சரியாகும்.

சத்தம் பாடகரின் மைக்கில் புகுந்ததால் டிரம்மை வரவேற்பறைக்குத் தள்ளினார்கள். நார்மன் பெட்டி எதிரொலியைத் தாளத்தோடு போட்டும் நிறுத்தியும் விளையாடினார். அதனால் டிரம் கிட்டே வந்து வந்து விலகும். திருவிழா மேளம் தெருமுனை திரும்பும்போது கேட்கிற மாதிரி. லப்பக் பழகிவிட்டது என்று நினைத்திருக்கும் நேரத்தில் இது காதில் விழுந்தால் தேர் நிலைக்கு வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். ஜன்னலுக்கு வெளியே செம்மண் புழுதிதான்.

கிட்டார் எளிது, கைதான் வலிக்கும். ஏ, டி, ஈ என்று மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்). எல்லா மீட்டலும் கீழ்நோக்கியே. மேலும் கீழும் மீட்டினால் வலி குறையும், முறுக்கும் போய்விடும். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில் மட்டும் எஃப் மேஜர் கார்டு எட்டிப் பார்க்கும். வாசிக்கிற கைக்கு ஓய்வே இல்லாததால், தனி கிட்டார் வரும்போது ஹாலியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரில் ஒலியை மாற்றும் பிக்கப் சுவிட்சைத் தட்டிவிட்டவர் இன்னொரு கிட்டார்க்காரர் நிக்கி சல்லிவன். இந்தப் பாட்டில் அவருக்கு அவ்வளவுதான் வேலை.

இசைத்தட்டு செப்டம்பரில் வந்தது. எழுதியவர்கள் என்று ஆலிசன், பெட்டி இருவர் பெயர்தான் போட்டார்கள். ஹாலியின் பெயர் பிறகுதான் சேர்ந்தது. அது கொஞ்சம் அநியாயம்தான்.

ஸ்டுடியோ இன்னும் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். லப்பக்கிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். டெக்சஸ் எல்லை தாண்டியதும் மணி ஒன்று குறையும். கோடையில் லப்பக்கில் இரவு எட்டரை என்றால் ஊரில் காலை ஏழு, அம்மா காபி போடும் நேரம். க்ளோவிஸில் ஏழரைக்கே போன் போட வேண்டும்.