பஸ்ஸைத் தேடுகிறீர்களா, சந்தைக்குப் போங்கள்: முக்தஹான் முதல் சம்பாசாக் வரை

தாய்லாந்தின் முக்தஹானில் தொடங்கி, மெகாங் ஆற்றைக் கடந்து லாவோஸின் சவன்னகேத், அங்கிருந்து தெற்கே பாக்ஸே, சம்பாசாக், கடைசியில் சோங் மெக் எல்லை வழியாக மறுபடி தாய்லாந்தின் உபோன் ராட்சதானி. ஒரு ஜனவரி மாதம் நானும் என் கணவரும் இந்தப் பாதை முழுவதையும் ஊர் மக்கள் ஏறும் வண்டிகளிலேயே சுற்றி வந்தோம். இருவருக்குமே ஐம்பது வயது தாண்டிவிட்டது. இதே வயதில் இதே ஆசையோடு தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தயங்க வேண்டாம், போகலாம்.

முதலில் எல்லை. முக்தஹானுக்கும் சவன்னகேத்துக்கும் நடுவே இருக்கும் இரண்டாவது தாய்-லாவோ நட்புப் பாலம் 2007 ஜனவரியில் போக்குவரத்துக்குத் திறந்தது. நடந்து கடக்க விடமாட்டார்கள். முக்தஹான் பஸ் நிலையத்திலிருந்தே அக்கரைக்கு பஸ் இருக்கிறது. தாய்லாந்துப் பக்கம் இறங்கி வெளியேறும் முத்திரை வாங்கி, திரும்ப ஏறி, பாலம் தாண்டியதும் லாவோஸ் பக்கம் மறுபடி இறங்க வேண்டும். அங்கேயே விசா தருகிறார்கள். அதற்கு ஒரு விண்ணப்பம், பாஸ்போர்ட் அளவு போட்டோ, டாலரில் கட்டணம். நோட்டில் மடிப்போ கிழிசலோ பேனாக் கோடோ இருக்கக் கூடாது. புது நோட்டாகத் தனிக் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்த உள்ளூர்க்காரர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும், விசா எடுக்கும் நமக்குத்தான் நேரமாகும். டிரைவர் அதுவரை நிற்பார் என்று உறுதி கிடையாது. அதனால் இறங்கும்போதெல்லாம் பையும் உங்களோடு இறங்கட்டும். முதுகுப் பை 7 கிலோவுக்குள் இருந்தால் இதெல்லாம் ஒரு தொந்தரவாகவே தெரியாது.

இன்னொன்று. தாய்லாந்தில் நம்மைப் போல வண்டிகள் இடப்பக்கம் ஓடும், லாவோஸில் வலப்பக்கம். முதல் நாள் சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கடங்கள்.

சவன்னகேத் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஊர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மஞ்சள் சுவர் வீடுகள், காரை உதிர்ந்த மாடங்கள், நடுவில் புனித தெரேசா தேவாலயம், சாயங்காலம் ஆனால் அதன் முன்னாலுள்ள சதுக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள். அவசரப்பட்டு ஓட வேண்டிய எதுவும் இந்த ஊரில் இல்லை. தங்குங்கள்.

இந்தப் பயணத்தில் எங்களுக்குப் பிடிபட்ட முக்கியமான சங்கதி, சின்ன ஊர்களின் பஸ்களும் சோங்தேவ்களும் சந்தையை நம்பி ஓடுகின்றன என்பதுதான். (சோங்தேவ் என்பது பின்னால் இரண்டு நீள பெஞ்சு போட்ட கூரை வைத்த பிக்கப் வண்டி. நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் சேர்ந்தால்தான் நகரும்.) விடியற்காலையில் கிராமத்திலிருந்து காய்கறியும் கோழியும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வருவார்கள், விற்று முடித்துச் சாமான் வாங்கிக்கொண்டு உச்சிவேளைக்குள் திரும்புவார்கள். வண்டியின் நேரமும் அதுவேதான். மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றால் காலி பெஞ்சுதான் இருக்கும். காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். சவன்னகேத்தில் பஸ் நிலையமே சவன்சாய் சந்தையை ஒட்டித்தான் இருக்கிறது. பாக்ஸேயில் வடக்கே போக ஒரு நிலையம், தெற்கே போக ஒரு நிலையம் என்று இரண்டுமே ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஆனால் சம்பாசாக் போகும் சோங்தேவ் ஊருக்குள்ளேயே, தாவோஹுவாங் சந்தையில் நிற்கிறது. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் சந்தை எங்கே என்று விசாரியுங்கள்.

சவன்னகேத்திலிருந்து பாக்ஸே 13ஆம் எண் சாலையில் சுமார் 250 கிலோமீட்டர். ஏசி இல்லாத பஸ். கூரையில் மோட்டார் சைக்கிள், நடைபாதையில் அரிசி மூட்டை, அதன்மேல் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஆட்கள். நாங்கள் கால் வைக்க இடமில்லாமல் நெளிவதைப் பார்த்து, எதிர் சீட்டுப் பாட்டி தன் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கையால் சைகை காட்டி என்னை நகர்ந்து உட்காரச் சொன்னார். அந்தக் கூடைக்குள் இரண்டு வாத்துகள் இருந்தன. சேனோ சந்திப்பில் பஸ் நின்றதும் குச்சியில் குத்திய கோழியும் சுட்ட முட்டையும் ஒட்டரிசிச் சோறும் ஜன்னலுக்கே வந்துவிட்டன. என் கணவர் சைவம். அவருக்கு ஒட்டரிசி, வாழைப்பழம், பாக்ஸே போனதும் பிரெட், கெட்டிப் பால் ஊற்றிய காபி. பப்பாளிக்காய் சாலட்டில் மீனைப் புளிக்கவைத்த சாறு சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் அதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காபி பாக்ஸேக்குப் பக்கத்திலேயே இருக்கும் போலவென் மேட்டு நிலத்தில் விளைவது. அவ்வளவு மணமான காபியை நான் வேறெங்கும் குடித்ததில்லை.

பாக்ஸேயை வண்டி மாறும் ஊராக மட்டும் வைத்துக்கொண்டோம். சம்பாசாக் அங்கிருந்து ஆற்றின் மேற்குக் கரையோடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரே தெரு, ஒரு பக்கம் முழுக்க மெகாங். அறை எடுத்து, சைக்கிளை வாடகைக்கு வாங்கிக்கொண்டு காலையிலேயே வட் ஃபூவுக்குக் கிளம்பினோம்.

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வட் ஃபூ, கம்போடியாவின் கெமர் அரசர்கள் காலத்துச் சிவத்தலம். நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையானவை, தலமோ அதைவிடப் பழையது. 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பின்னாலுள்ள மலையின் உச்சியில் லிங்கம் போலவே ஒரு பாறை இயற்கையாக நிற்கிறது, அதனால் அந்த மலையையே லிங்கபர்வதம் என்று வணங்கியிருக்கிறார்கள். இரு பக்கமும் சம்பா (நம்மூர் ஈழத்தலரி) மரங்கள் கவிந்த செங்குத்தான படிகள், கல் தேய்ந்து சரிந்து கிடக்கிறது. "ஏங்க, பார்த்து ஏறுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மேலே கருவறைக்குப் பின்னால் பாறையிலிருந்து சுனை ஊறுகிறது. அந்த நீரைக் கல் வாய்க்காலில் உள்ளே கொண்டுபோய் லிங்கத்தின்மேல் இடைவிடாமல் விழும்படி செய்திருந்தார்கள். இப்போது கருவறையில் புத்தர் இருக்கிறார், வாசலில் வாழையிலையும் சாமந்தியும் வைத்துச் செய்த காணிக்கைகள். பின்பாறையில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் புடைப்பாக நிற்கிறார்கள். வாசல் மேற்கல்லில் கண்ணன் கம்சனைக் கிழிக்கிறான். "சாமி மாறினாலும் அபிஷேகத் தண்ணி நிக்கவே இல்ல பாரு" என்று சொல்லி அவர் கைகுவித்து அதை ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்ப் பெண்கள் சிலரும் எங்கள் பக்கத்தில் நின்று அதையேதான் செய்தார்கள்.

வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள், கீழ்ப்பாதையில் நிழல் கிடையாது.

திரும்பும் வழி எளிது. பாக்ஸேயிலிருந்து சோங் மெக் எல்லை நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இங்கே பாலம் இல்லை, தரைவழி எல்லை. லாவோஸ் முத்திரை வாங்கி, தரைக்கடியில் போகும் நடைபாதை வழியாகத் தாய்லாந்துப் பக்கம் நடந்தே போகலாம். பாக்ஸே-உபோன் சர்வதேச பஸ்ஸில் வந்தால் பஸ் தாய்லாந்துப் பக்கம் வந்து நிற்கும். தனியாக வந்தால் சோங் மெக் பஸ் நிலையத்தில் உபோனுக்கு வேன் பிடிக்கலாம். கையில் மிஞ்சிய கிப் (லாவோஸ் பணம்) நோட்டுகளை லாவோஸ் பக்கத்திலேயே தாய்லாந்தின் பாத்தாக மாற்றிவிடுங்கள், வெளியே வந்துவிட்டால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.