ஜெர்மன் வங்கியில் பேசப் பழகியது

லைப்சிக் நகரில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் சம்பளம் வருவதற்குள் ஒரு 'ஷீரோகோண்டோ', அதாவது அன்றாட வரவுசெலவுக்கான கணக்கு, தொடங்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் ஆங்கிலத்திலேயே கணக்குத் தொடங்க வசதி இருந்தாலும், வாடகை, மின்சாரம், காப்பீடு என்று பின்னால் வரும் கடிதங்கள் ஜெர்மனில்தான் இருக்கும் என்பதால், கிளைக்கு நேரில் சென்று அந்த மொழியிலேயே பேசுவதென்று முடிவு செய்தேன்.

'இஷ் மோஷ்டெ ஐன் கோண்டோ எர்ஓஃப்னென்' (நான் ஒரு கணக்குத் தொடங்க விரும்புகிறேன்) என்று சொல்வது எளிது. அதன்பின் எதிரே இருப்பவர் கேட்பதைப் புரிந்துகொள்வதுதான் கடினம். ஆகவே நான் பேச வேண்டியவற்றைவிட, என்னிடம் கேட்கப்படக்கூடியவற்றையே அதிகம் படித்தேன். முகவரிப் பதிவுச் சான்று இருக்கிறதா, 11 இலக்க வரி அடையாள எண் வந்துவிட்டதா, வேறு எந்த நாட்டிலாவது வரி செலுத்தும் கடமை உண்டா என்று கேட்டார்கள். அமெரிக்காவைக் குறிப்பிட்டுத் தனியாகவும் கேட்டார்கள். அந்த நாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். 'நைன்' (இல்லை) என்று சொன்னால் போதும்.

என்னை அதிகம் சோதித்தவை எண்கள். 54 என்பதை 'நான்கும் ஐம்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். முதலில் காதில் விழுவது ஒன்றாம் இலக்கம் என்பதால், கேட்டபடியே எழுதினால் 45 ஆகிவிடும். ஐபேன் எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணோ, ஜெர்மனியில் எழுத்தும் இலக்கமுமாக 22 குறிகள் கொண்டது. அதைத் தொலைபேசியில் சிலர் இரண்டிரண்டு இலக்கங்களாகச் சொல்வார்கள். 'ஐன்செல்ன், பிட்டெ' (ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்) என்ற இரண்டு சொற்கள் இலக்கணப் பாடங்கள் பலவற்றைவிட எனக்குப் பயன்பட்டன. 'ட்ரை' என்னும் மூன்றோடு குழம்பாதிருக்க, 'ட்ஸ்வை' என்னும் இரண்டை 'ட்ஸ்வோ' என்று சொல்லும் வழக்கமும் அப்போதுதான் பிடிபட்டது. எழுத்தில் 1.250,50 என்றிருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சென்ட். புள்ளியும் காற்புள்ளியும் நம் வழக்கத்துக்கு நேர்மாறாக நிற்கும்.

கணக்குத் தொடங்கியபின் மூன்று சொற்களைப் பிரித்தறிவது அவசியமாயிற்று. நாமே ஒருமுறை அனுப்புவது 'ஊபர்வைசுங்'. வாடகைபோல் மாதந்தோறும் அதே தொகை தானாகச் செல்ல நாம் ஏற்பாடு செய்வது 'டாவர்-ஔஃப்ட்ராக்'. நம் அனுமதியோடு நிறுவனமே எடுத்துக்கொள்வது 'லாஸ்ட்ஷ்ரிஃப்ட்'. மின்கட்டணம்போல் தொகை மாறக்கூடியவற்றுக்கு இதுவே வசதி. இந்தக் கடைசி வகையில் எடுக்கப்பட்ட பணத்தை, காரணம் சொல்லாமலேயே 8 வாரங்களுக்குள் வங்கி வழியாகத் திரும்பப் பெறலாம். ஆனால் கொடுக்கவேண்டிய கடன் அதனால் தீர்ந்துவிடாது என்பதால், நிறுவனத்திடம் பேசிவிட்டு அதைச் செய்வதே நல்லது.

கடைகளில் 'பார் ஓடர் மிட் கார்ட்டெ?' (ரொக்கமா, அட்டையா?) என்பது வேகமாக வந்து விழும், ஒரு வாரத்தில் பழகிவிடும். 'பிட்டெ ஷ்பெரென் சீ மைனெ கார்ட்டெ' (என் அட்டையை முடக்குங்கள்) என்பதை மட்டும் தேவை வருமுன்பே மனப்பாடம் செய்து, பெரும்பாலான வங்கிகளின் அட்டைகளை முடக்க உதவும் 116 116 என்ற எண்ணோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.